பன்னிரண்டு சொற்களை எங்கே வைப்பது?

6 டிசம்பர் 2024

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நேற்று குரோம் உலாவியில், கிரிப்டோ நாணயம் வைத்துக்கொள்ளும் வாலட்டான மெட்டாமாஸ்க் நீட்டிப்பைச் சேர்த்தேன். கடவுச்சொல் வைக்கச் சொன்னது, வைத்தேன். பிறகு பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டி எழுதிக்கொள்ளச் சொன்னது. கைப்பேசியில் படம் பிடித்துக் கூகுள் டிரைவில் போட்டுவிட்டேன். கடவுச்சொல்தான் இருக்கிறதே, அந்தச் சொற்கள் எதற்கு? இன்னும் பணம் எதுவும் போடவில்லை."

6 டிசம்பர், இரவு 10.40

கடைசி வாக்கியம் உங்களைக் காப்பாற்றியது. அந்த வாலட்டைக் கைகழுவிவிடுங்கள். நீட்டிப்பை நீக்கி, மறுபடி சேர்த்து, புதிதாக ஒன்றை உருவாக்குங்கள்.

படத்தை அழித்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. டிரைவில் அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். கைப்பேசியின் படத்தொகுப்பு தன் பங்குக்கு இன்னொரு பிரதி எடுத்திருக்கும். மொத்தம் எத்தனை பிரதிகள் என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

கடவுச்சொல் என்பது அந்த ஒரு கணினியில், அந்த ஓர் உலாவியில் இருக்கும் பெட்டிக்குப் பூட்டு. அவ்வளவுதான். மறந்துவிட்டால் மாற்றித் தருவதற்கு யாரும் இல்லை. பன்னிரண்டு சொற்களைக் கொடுத்துத்தான் மறுபடி திறக்க வேண்டும். சொற்களை வைத்திருப்பவரோ உங்கள் கணினியைத் தொட வேண்டியதில்லை. எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாலும் அதே வாலட்டைத் தன் கணினியில் எழுப்பிவிடுவார். உங்கள் கடவுச்சொல் எவ்வளவு கடினமானது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

எங்கே வைப்பது? தாளில் எழுதி, லேமினேட் செய்து, பீரோவில், நிலப் பத்திரத்தோடு.

6 டிசம்பர், இரவு 11.15

கேட்க மறந்தேன். எங்கிருந்து இறக்கினீர்கள்? கூகுளில் தேடி மேலே வந்ததை அழுத்தினேன் என்றால், அது விளம்பரமா என்று பார்த்தீர்களா? மெட்டாமாஸ்க்கின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்கிருக்கும் இணைப்பு வழியாகக் குரோம் அங்காடிக்குப் போக வேண்டும். அங்காடியில் இருப்பதெல்லாம் சுத்தம் என்றும் நம்பிவிடாதீர்கள். 2020 ஏப்ரலில் வாலட்டுகளைப் போல் வேடமிட்ட 49 நீட்டிப்புகளைக் கூகுள் அங்கிருந்து நீக்கியது. அவற்றின் வேலை ஒன்றுதான். பன்னிரண்டு சொற்களைத் தட்டச்சு செய்யச் சொல்லும். செய்தால் வேறொருவருக்கு அனுப்பிவிடும்.

8 டிசம்பர் 2024

லேமினேஷன் பற்றி நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: "கடைக்காரரிடம் தாளைக் கொடுத்துவிட்டு நீங்கள் எங்கே நின்றீர்கள்?"

வெளியே நின்று டீ குடித்தேன். 2022இல். தாளை வாங்கியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்ன சார், பையனுக்கு ஸ்பெல்லிங் டெஸ்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நல்லவர்தான், இன்றும் அந்த வழியாகப் போனால் தலையசைப்பார். ஆனால் ஒரு மாதம் கழித்து என் அக்கா மகன் சொல்லித்தான் உறைத்தது: சாவியைக் கடையில் கொடுத்துப் பளபளப்பாக்கி வாங்கி வந்திருக்கிறேன். அன்றிரவே புது வாலட் உருவாக்கி இருந்ததையெல்லாம் மாற்றினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சொற்கள் வெளியே போய்விட்டன என்ற சந்தேகம் வந்தால் கடவுச்சொல்லை மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. அந்தச் சொற்களை மாற்றவும் முடியாது. புதுச் சொற்களோடு புது வாலட், பணத்தை அங்கே நகர்த்துவது. வேறு வழி கிடையாது.

ஆகவே: தாள், பேனா, மடக்கி ஓர் உறை. லேமினேஷனை வாபஸ் வாங்குகிறேன்.

8 டிசம்பர், மாலை

மெட்டாமாஸ்க் சின்னத்தில் இருக்கும் நரியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆம், அதன் முகம் சுட்டியைத் தொடர்ந்து திரும்பும். இல்லை, அது நம்மை உளவு பார்ப்பதற்காக அல்ல. 2016இல் வந்த காலத்திலிருந்து அந்த நரிதான்.

11 டிசம்பர் 2024

எழுதி வைத்தால் மட்டும் ஆயிற்றா? எழுதியது சரியா என்று சோதித்தீர்களா?

என் கதை. 2021 நவம்பரில் முதல் வாலட். சொற்களைத் தாளில் எழுதினேன், என் வழக்கமான சாய்ந்த கையெழுத்தில். அடுத்த ஆண்டு மடிக்கணினியின் வட்டு போனது. புதுக் கணினியில் மெட்டாமாஸ்க்கைப் போட்டு, சொற்களைத் தட்டினேன். சொற்றொடர் செல்லாது என்றது. மறுபடி தட்டினேன். செல்லாது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பெரிய தொகை இல்லை, ஆனாலும் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். என் கணக்கே தவறினால் எப்படி?

நான்காம் நாள், வாலட்டுகள் தம் சொற்களைப் பொறுக்கும் அந்த 2,048 சொற்கள் கொண்ட பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மரம் என்று பொருள்படும் 'வுட்' என்ற சொல்லை நான் கம்பளியாகப் படித்திருக்கிறேன். 'வுட்', 'வூல்' இரண்டுக்கும் கடைசி எழுத்து மட்டுமே வேறு. என் கையெழுத்தில் இரண்டும் ஒரே குச்சி. இரண்டுமே பட்டியலில் இருக்கும் சொற்கள் என்பதால் எது தவறு என்று மென்பொருளால் சொல்ல முடியவில்லை. மொத்தமாகச் செல்லாது என்றுதான் சொல்லும்.

அப்படிச் சொன்னதே அதிர்ஷ்டம். பன்னிரண்டு சொற்களில் கடைசியாக வரும் நான்கு பிட்டுகள் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1) சரிபார்ப்புக்கானவை. கணக்கு போட்டால், தவறாக எழுதிய சொற்றொடர்களில் பதினாறில் ஒன்று சரிபார்ப்பைத் தாண்டிவிடும். அப்போது பிழைச் செய்தி எதுவும் வராது. வாலட் ஒழுங்காகத் திறக்கும், உள்ளே பூஜ்யம் இருக்கும். அதைப் பார்த்து யாரோ திருடிவிட்டார்கள் என்று அலறுவோம்.

ஈரோட்டு அன்பர் செய்ய வேண்டியது: பணம் போடுவதற்கு முன்பே நீட்டிப்பை நீக்குங்கள். நீக்கியதும் கணினியில் இருந்த பெட்டி போய்விடும். தாளைப் பார்த்து மறுபடி எழுப்புங்கள். அதே வாலட் முகவரி (நம் கணக்கு எண் போல) வந்தால் தாள் சரி. பெரிய எழுத்தில் எழுதுங்கள், என்னைப் போல் கோழிக்கிறுக்கல் வேண்டாம்.

12 டிசம்பர் 2024

"உங்கள் சொற்களில் ஒன்றைப் பொதுவில் சொல்லிவிட்டீர்கள்!" என்று இதுவரை ஏழு பேர். அது லேமினேட் செய்த வாலட், ஐயா. 2022இலிருந்து காலி. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், தூசி இருக்கும்.

கூடவே ஒருவர் கேட்டிருக்கிறார்: பதினொரு சொற்களைத் தாளில் எழுதிவிட்டு ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால்? திருடனுக்கு 2,048 சாத்தியங்கள். அவற்றிலும் சரிபார்ப்பைத் தாண்டுபவை சுமார் 128. கணினிக்கு அது ஒரு கொட்டாவி நேரம். உங்களுக்கோ அந்த ஒரு சொல் பத்து ஆண்டு கழித்து நினைவிருக்குமா என்பது சந்தேகம். ஆறு ஆறாகப் பிரித்து இரண்டு வீடுகளில் வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த ஒரு வீட்டில் கரையான் அரித்தாலும் முழுவதும் போயிற்று.

14 டிசம்பர் 2024

சொற்களை நாமே தேர்ந்தெடுக்கலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். மனிதன் "ஏதோ ஒன்று" என்று பொறுக்குவதில் எப்போதும் ஒழுங்கு இருக்கும். ஒழுங்கில்லாமல் பொறுக்குவதில் மென்பொருளே கோட்டைவிட்ட கதை உண்டு. 2022 நவம்பரில் டிரஸ்ட் வாலட் என்ற இன்னொரு வாலட்டின் உலாவி நீட்டிப்பில் சில நாள்கள் உருவான வாலட்டுகளுக்கு ரேண்டம் எண்கள் பலவீனமாக அமைந்துவிட்டன. சாவிகளைக் கணக்கிட்டே கண்டுபிடிக்க முடிந்தது. ஏறத்தாழ 1.7 லட்சம் டாலர் போனது. நிறுவனமே 2023 ஏப்ரலில் வெளியே சொல்லி ஈடு தர முன்வந்தது. பயனர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார்கள். இதற்கு நான் சொல்லக்கூடிய பரிகாரம் எதுவும் இல்லை, ஒரே வாலட்டில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள் என்பதைத் தவிர.

21 டிசம்பர் 2024

ஈரோட்டு அன்பர் மறுபடி: "எக்ஸ்சேஞ்சிலிருந்து 50 டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிடி அனுப்பினேன். அங்கே 'முடிந்தது' என்கிறது. இங்கே பூஜ்யம்."

எந்த நெட்வொர்க்கில் அனுப்பினீர்கள்? யுஎஸ்டிடி என்ற டாலர் மதிப்பு நாணயத்தை எக்ஸ்சேஞ்ச், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளம், பல நெட்வொர்க்குகள் வழியாக அனுப்பும். கட்டணம் குறைவு என்று பாலிகானைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். மெட்டாமாஸ்க் எத்தீரியத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரே முகவரிதான், ஆனால் அவை தனித்தனிப் பேரேடுகள். மேலே நெட்வொர்க்கை மாற்றிப் பாருங்கள், பணம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

இனி அடுத்த சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த 50 டாலரை அங்கிருந்து நகர்த்த, பரிவர்த்தனையைப் பதிவு செய்ய நெட்வொர்க் வாங்கும் 'கேஸ்' கட்டணம் வேண்டும். அதை யுஎஸ்டிடியில் கட்ட முடியாது. பாலிகானின் சொந்த நாணயத்தில்தான் கட்ட வேண்டும். அதன் பெயர் 2024 செப்டம்பரில் 'மேட்டிக்'கிலிருந்து 'போல்' (POL) என்று மாறிவிட்டது, பழைய காணொளிகளைப் பார்த்துக் குழம்பாதீர்கள். பெட்டி நிறையச் சரக்கு, லாரிக்கு டீசல் இல்லை என்ற நிலை. இதில் நான் ஒன்பது நாள் நின்றிருக்கிறேன்.

எத்தீரியத்தில் அதன் சொந்த நாணயமான ஈதரை அனுப்ப 21,000 அலகு கேஸ். அலகுக்கு 20 க்வெய் என்றால் 0.00042 ஈதர். க்வெய் என்பது ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

அனுப்பும் முன் முகவரியின் முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கையும் ஒப்பிடுங்கள். முதலில் சிறு தொகை, வந்து சேர்ந்ததும் மீதி.

22 டிசம்பர்

திருத்தம்: 21,000 என்பது ஈதரை ஒரு சாதாரண முகவரிக்கு அனுப்ப மட்டும். யுஎஸ்டிடி போன்ற டோக்கன் என்றால் இரண்டு மூன்று மடங்கு ஆகும். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, குரலைச் சற்றுத் தாழ்த்தியிருக்கலாம்.

5 ஜனவரி 2025

முதல் நான்கு, கடைசி நான்கு என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதை அடித்துவிடுங்கள்.

நேற்று என் பரிவர்த்தனைப் பட்டியலில் நான் செய்யாத ஒரு வரி கிடந்தது. தொகை பூஜ்யம். முகவரி, நான் அடிக்கடி அனுப்பும் முகவரி போலவே தொடங்கி அதுபோலவே முடிந்தது. நடுவில் வேறு. முகவரியில் நஞ்சு கலப்பது என்கிறார்கள். நம் வழக்கமான முகவரியின் தலையும் வாலும் ஒத்துவரும்வரை கணினியை ஓடவிட்டு ஒன்றை உருவாக்கி, நம் பட்டியலில் அதை விதைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை நாம் சோம்பேறித்தனமாகப் பட்டியலிலிருந்து நகலெடுப்போம் என்ற எதிர்பார்ப்பு.

யார் ஏமாறுவார் என்று நினைக்க வேண்டாம். 2024 மே மாதம் ஒருவர் இப்படி 1,155 ராப்டு பிட்காயின்களை (பிட்காயின் மதிப்புள்ள எத்தீரிய டோக்கன்) அனுப்பினார். ஏறத்தாழ 6.8 கோடி டாலர். கவனக்குறைவான ஆளும் அல்லர். முதலில் சோதனைக்குச் சிறு தொகை அனுப்பியிருந்தார். அந்தச் சோதனைக்குப் பின்தான் போலி வரி வந்து உட்கார்ந்தது, அதைத்தான் நகலெடுத்தார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு திருடன் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான். இந்த உலகில் அது கலியாண வீட்டில் தொலைத்த செருப்பு திரும்பக் கிடைப்பது போல.

வழி: 40 எழுத்தையும் ஒரு முறை முழுதாகச் சரிபார்த்து, மெட்டாமாஸ்க்கின் தொடர்புப் பட்டியலில் பெயரிட்டுச் சேமியுங்கள். பிறகு அங்கிருந்து மட்டும் எடுங்கள்.

19 ஜனவரி 2025

இதுவரை சாவியைப் பற்றியே பேசிவிட்டோம். எனக்கு இப்போது தோன்றுகிறது, வரிசையையே தலைகீழாகத் தொடங்கியிருக்க வேண்டும் என்று. நான் இழந்த பணம் சாவி திருடுபோய் இழந்தது அல்ல. நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

2023. வாலட்டில் நான் வாங்காத ஒரு டோக்கன் வந்திருந்தது. பெயரிலேயே ஒரு தள முகவரி, அங்கே போனால் பரிசு என்றது. போனேன். வாலட்டை இணைக்கச் சொன்னது, இணைத்தேன். நரி எட்டிப் பார்த்து ஏதோ அனுமதி கேட்டது. நீளமாக எண்கள். 'உறுதிசெய்' என்ற பொத்தான் நீலமாக இருந்தது, அழுத்தினேன். என் யுஎஸ்டிசியை (இன்னொரு டாலர் மதிப்பு நாணயம்) எவ்வளவு வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள ஓர் அந்நிய ஒப்பந்தத்துக்கு (நெட்வொர்க்கில் தானே இயங்கும் நிரல்) நான் எழுதிக் கொடுத்த அதிகாரம் அது. பதினோராயிரம் ரூபாய் சொச்சம், இரண்டு நிமிடத்தில். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். என் அலுவலகத்தில் ஒரு பையன் அப்படிச் செய்தால் அன்றே வேலையை விட்டு அனுப்பச் சொல்வேன்.

தளம் போலியாக இருந்ததால்தான் என்று ஆறுதல் கொள்ள முடியாது. 2021 டிசம்பரில் பேட்ஜர்டாவோ என்ற உண்மையான தளத்தின் முகப்பிலேயே யாரோ தம் நிரலைச் செருகிவிட்டார்கள். முகவரி சரி, தளம் சரி, கேட்ட அனுமதி மட்டும் திருடனுக்கு. சுமார் 12 கோடி டாலர்.

இன்னும் கொடியது கட்டணமே கேட்காத கையெழுத்து. பர்மிட் என்பார்கள். பரிவர்த்தனை இல்லை, கேஸ் இல்லை, வெறும் செய்தியில் ஒப்பம் போல் தெரியும். அதை எடுத்துக்கொண்டு போய்த் திருடன் தன் செலவில் பதிவு செய்துகொள்வான்.

இனி நான் செய்வது: அனுமதித் தொகையைத் திருத்த முடிந்த இடத்தில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் எழுதுகிறேன். மாதம் ஒரு முறை, எத்தீரியப் பேரேட்டைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தின் அனுமதிச் சரிபார்ப்புப் பக்கத்திலோ ரிவோக் டாட் கேஷ் தளத்திலோ பழைய அனுமதிகளைப் பார்த்து ரத்து செய்கிறேன். ஒவ்வொன்றுக்கும் கேஸ் உண்டு. வாலட்டில் 'தளத்தைத் துண்டி' என்று அழுத்துவது ரத்து ஆகாது. தளம் உங்கள் முகவரியைப் பார்ப்பது மட்டும் நிற்கும். எழுதிக் கொடுத்த அதிகாரம் அப்படியே இருக்கும். சொற்களே போய்விட்டிருந்தால் ரத்தும் பயனில்லை.

படிக்கத் தெரியாததில் கைநாட்டு வைக்காதீர்கள். முடிந்தால் லெட்ஜர், ட்ரெசர் போல ஒரு வன்பொருள் வாலட் (சாவியைத் தனக்குள் வைத்திருக்கும் தனிக் கருவி) வாங்கி நீட்டிப்போடு இணையுங்கள். நிம்மதியாகத் தூங்கலாம்.

20 ஜனவரி

"கைநாட்டு வைத்தவர்களைக் கேலி செய்யாதீர்கள், என் பாட்டி வைப்பதற்கு முன் மூன்று பேரிடம் பத்திரத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்" என்று ஒரு வாசகர். ஒப்புக்கொள்கிறேன். பாட்டி இந்த நீலப் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார்.

23 பிப்ரவரி 2025

'நிம்மதியாகத் தூங்கலாம்' என்று எழுதி ஒரு மாதம்தான் ஆகிறது.

நேற்று முன்தினம் துபாயின் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து நான்கு லட்சம் ஈதருக்கு மேல் போய்விட்டது. ஏறத்தாழ 150 கோடி டாலர். ஒருவர் அல்ல, பலர் கையெழுத்திட்டால்தான் திறக்கும் வாலட். திரையில் சரியான முகவரி தெரிந்ததாகவும், கையெழுத்து விழுந்ததோ வாலட்டின் ஒப்பந்தத்தையே மாற்றும் வேறொன்றின் மீது என்றும் அந்த நிறுவனமே சொல்கிறது.

போன ஜூலையில் நம் நாட்டு எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸ் 23 கோடி டாலர் இழந்தபோதும், திரையில் கண்டதும் கையெழுத்தானதும் வேறு என்றுதான் அவர்கள் விளக்கம் தந்தார்கள். ஆகவே "எதற்கு இந்த வம்பு, எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவிடலாமே" என்று கேட்டவருக்கு: அங்கும் கைநாட்டு உண்டு. வைப்பது வேறொருவர், அவ்வளவுதான்.

வன்பொருள் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சாவி கணினிக்குள் வராது என்ற நன்மை உண்மை. ஆனால் அதன் சிறு திரையில் என்ன வருகிறது என்று படிக்க வேண்டும். படிக்க முடியாத எண்களாக வந்தால் நிராகரிக்க வேண்டும். அதன் விலை எவ்வளவு என்று பார்த்து மட்டும் நம்பிக்கை வைத்தேன் நான்.

2 மார்ச் 2025

பைபிட் தொடர்ச்சி: அவர்கள் பயன்படுத்திய சேஃப் வாலட்டின் நிரலாளர் ஒருவரின் கணினி வழியாக முகப்பு மாற்றப்பட்டதாகத் தெரியவந்திருக்கிறது. வட கொரியாவின் வேலை என்று எஃப்பிஐ அறிவித்துவிட்டது. திருப்பூரில் பதினோராயிரத்தைப் பறிகொடுத்தவனும் அவர்களும் செய்த தவறு ஒன்றுதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் அற்பத்தனமான ஆறுதல்.

9 மார்ச் 2025

மார்ச்சோடு நிதியாண்டு முடியப் போகிறது, என் தொழில் பக்கம் வருகிறேன். வாலட் உங்களுக்கு ஆண்டு இறுதிக் கணக்கு அனுப்பாது. 2022 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ். அந்த ஜூலையிலிருந்து 1 சதவீத டிடிஎஸ். ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினால், ரூபாய் கையில் வராவிட்டாலும், அது விற்பனைதான். பலர் இதில்தான் விழுகிறார்கள். உங்கள் வாலட்டிலிருந்து உங்களுடைய இன்னொரு வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல, ஆனால் இரண்டும் உங்களுடையவை என்று காட்ட நீங்கள்தான் குறித்து வைத்திருக்க வேண்டும். தேதி, அளவு, அன்றைய ரூபாய் மதிப்பு, கேஸ். பழைய நீள நோட்டு போதும்.

9 மார்ச், இரவு

"மெட்டாமாஸ்க் உதவிக் குழு" என்று தனிச்செய்தி அனுப்பி மூவரிடம் சொற்களைக் கேட்டிருக்கிறார்கள். இந்த இழையைப் படிக்கிறவர்களைக் குறிவைத்தே. எந்த உதவிக் குழுவும் அதைக் கேட்காது. நானும் யாருக்கும் தனிச்செய்தி அனுப்புவதில்லை. என் பெயரில் வந்தால் அது நான் இல்லை.

16 மார்ச் 2025

ஈரோட்டு அன்பர் எழுதியிருக்கிறார்: மறுபடி உருவாக்கி, நீக்கி, தாளைப் பார்த்து எழுப்பி, அதே முகவரி வந்துவிட்டதாம். வாலட்டுக்கென்று உலாவியில் தனிச் சுயவிவரம், அதில் வேறு நீட்டிப்பு எதுவும் இல்லை. நான் செய்யாததைக்கூடச் செய்திருக்கிறார். கடைசியில் ஒரு கேள்வி: "எனக்கு ஏதாவது ஆனால் வீட்டில் இதை யார் எடுப்பார்கள்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. உறை எங்கே இருக்கிறது என்று என் மனைவிக்குத் தெரியும். உள்ளே இருப்பது என்ன என்று தெரியாது.

23 மார்ச் 2025

இன்று ஞாயிறு. மனைவியை உட்கார வைத்து, வேறொரு கணினியில் நீட்டிப்பைப் போட்டு, உறையைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் இருந்தேன். தட்டினார். செல்லாது என்றது. கையெழுத்தில் குறை இல்லை, எல்லாம் பெரிய எழுத்து. நான் ஆறு ஆறாக இரண்டு பத்திகளில் மேலிருந்து கீழாக எழுதியிருக்கிறேன். அவர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போயிருக்கிறார். எண் போடவில்லை நான். "கணக்கு எழுதுகிறவர்தானே நீங்கள், வரிசை எண் போட மாட்டீர்களா?" என்றார்.

போட்டாயிற்று. இரண்டாம் முறை திறந்தது. ஐந்தாவது சொல் என்ன என்று கேட்டுப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். என்ன சொல் என்று இந்த முறை எழுத மாட்டேன்.